ரயீஸ் என்று கூப்பிட்டால் யார் திரும்புவது

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. சூரியகாந்தி விதைத் தட்டை நடுவில் வையுங்கள். தோலை என் மடியில் துப்பாமல் இருந்தால் போதும். நாட்டை ஆண்டவரைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு வந்து நியாயம் கேட்ட கதையைச் சொல்கிறேன். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். கடல் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, ரொட்டிக்கு வரிசை இருக்கிறது. இவ்வளவு அடையாளம் சொன்னதே அதிகம்.

எங்கள் பக்கத்தில் ரயீஸ் என்பது எல்லோருக்கும் சொந்தமான சொல். படகை ஓட்டும் தலைவன் ரயீஸ். கொத்தனார்களை மேய்ப்பவன் ரயீஸ். நீதிமன்றத்தில் நடு நாற்காலியில் உட்காருபவர் ரயீஸ். தேநீர்க் கடையில் இன்னொரு சர்க்கரைக் கட்டி வேண்டுமென்றால், பரிமாறுகிறவனும் ரயீஸ். நாட்டின் தலைவரையும் ரயீஸ் என்றுதான் சொன்னோம். அந்தச் சொல்லில் கடைசியாகக் குடியேறியவர் அவர்தான்.

கடைசியாகக் குடிவந்தவர் முன்னால் இருந்தவர்களையெல்லாம் காலி செய்யச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் சோற்றில் கை வைத்த நேரத்தில், தொலைக்காட்சி அறிவிப்பாளர் கண் கலங்க வாசித்தார்: நாட்டின் மேன்மையைக் காக்கும் பொருட்டு, இனி ரயீஸ் என்ற சொல் ஒருவருக்கு மட்டுமே உரியது. மற்ற ரயீஸ்களுக்கும் பெரிய மனதோடு பட்டங்கள் ஒதுக்கியிருந்தார்கள். படகுத் தலைவன் இனி ‘கலப் பொறுப்பாளர்’. கொத்தனார்களின் தலைவன் ‘கட்டுமான முன்னிலையாளர்’. நீதிபதி ‘அமர்வின் மூத்தவர்’. தேநீர்க் கடைக்காரனுக்குப் பட்டம் யோசிப்பதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவன் ‘ஏய்’ ஆனான்.

அப்போது எங்கள் துறைமுகத்தில் வயதில் சின்ன ரயீஸ் இத்ரீஸ்தான். அப்பா கடலோடு போனபின் படகு அவன் கைக்கு வந்தது. அவன் அம்மாவை எல்லோரும் உம்மு இத்ரீஸ், இத்ரீஸின் அம்மா, என்றே கூப்பிடுவோம். அவளுக்கென்று இருந்த பெயரை அவளே மறந்திருப்பாள். மகன் பெயரைத்தான் அவள் தன் பெயராகப் போட்டுக்கொண்டிருந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்த வாரமே புயல். இத்ரீஸின் படகில் இருந்த அப்தூன், சட்டத்துக்குப் பயந்த மனிதர், அலையைப் பார்த்ததும் கத்தினார்.

“கலப் பொறுப்பாளர் அவர்களே! தங்கள் இடது பக்கமா ஒரு—”

அலை அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. மொத்தப் பேரும் நனைந்த கோழிகளாக எழுந்தபோது இத்ரீஸ் சொன்னான்:

“ரயீஸ்னே கூப்பிடுங்க மாமா. மீனெல்லாம் போய் போலீஸ்ல சொல்லாது.”

மீன் சொல்லவில்லை. ஆனால் நாக்கு படகை விட்டு இறங்கும்போது பழக்கத்தைக் கழற்றிவைத்துவிட்டு இறங்குமா? “கயிறு பிடிங்க ரயீஸ்!” என்று அப்தூன் கரையிலேயே கத்த, துறைமுகக் காவலர் இத்ரீஸை அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் பாதி மீசையோடு அனுப்பினார்கள். நாட்டின் மேன்மை மற்றப் பாதியில் இருந்தது போலும்.

வாசலில் நின்ற மகனை உம்மு இத்ரீஸ் மேலும் கீழும் பார்த்தாள்.

“உட்காரு. மீதியை நானே எடுத்துவிடறேன்.”

“வேணாம்மா, இருக்கட்டும். இந்தப் பக்கம் பாத்தா குடிமகன், அந்தப் பக்கம் பாத்தா ரயீஸ்.”

“வாயைப் பாரு, வாயை! ஜன்னலைச் சாத்துடா முதல்ல.” ஜன்னலைச் சாத்திய பிறகு, தட்டில் அவரைக் கூட்டை அள்ளி வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்: “சாப்பிடுங்க, ரயீஸ்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜன்னல் சாத்தியே சாப்பாடு.

இப்போது பெரிய ரயீஸைப் பற்றிச் சொல்கிறேன். குறை கேட்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை. ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் மனு நாள். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் வரும். கிழவிகள் ஒவ்வொருத்தியாக முன்னால் போய் “யா ரயீஸ்”, ரயீஸ் அவர்களே, என்பார்கள். அவர் பாதிக் கண் மூடி, கையை லேசாகத் தூக்கி, எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: “சொல்லும்மா. சுருக்கமா.” கிழவி சுருக்கமாகச் சொல்வாள். அவர் பின்னால் திரும்பாமலே, “ஸப்ரீ, இந்தம்மாவைக் கவனி” என்பார். உள்துறை அமைச்சர் ஸப்ரீ தலை குனிந்து கவனிப்பார். சிலருக்குத் தையல் இயந்திரம் வந்தது. சிலர் வீட்டுக்கே வரவில்லை. எந்தக் கவனிப்பு என்பது ஸப்ரீக்கு மட்டும் புரியும். கேட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தபின் புரியும்.

இப்படி வருடங்கள் ஓடின. இத்ரீஸின் மீசை எத்தனையோ முறை வளர்ந்தது. ஆட்சி வளர்ந்தது. ரொட்டி மட்டும் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் தட்டளவு, பிறகு உள்ளங்கையளவு. குறைவாகச் சாப்பிட்டால் இடை மெலியும் என்று உணவு அமைச்சர் விளக்கினார். அவர் இடையைச் சுற்றிவர நல்ல செருப்பு வேண்டும்.

அதற்குப் பதில் சொல்வதுபோல எங்கள் பெண்கள் ரொட்டியைத் தின்னாமல் ஊக்கு வைத்து மார்பில் குத்திக்கொண்டார்கள், பதக்கம் மாதிரி. அதை முதலில் குத்திக்கொண்டவள் மீன் விற்கும் ஸன்னூபா. காவலர் கேட்டதற்கு, “நாட்டுக்கு உழைச்சதுக்கு ரயீஸ் குடுத்த பதக்கம்யா. பசிச்சா கடிச்சுக்கலாம்” என்றாள். மறுநாள் சந்தை முழுக்கப் பதக்கம். அதற்கடுத்த நாள் சதுக்கம் நிறைந்துவிட்டது. கண்ணீர்ப் புகைக்கு மருந்தாக வெங்காயத்தை முகர்ந்துகொண்டு, வேறெதற்கு அழுகிறோம் என்பதும் மறந்துபோய் நின்றோம். கலப் பொறுப்பாளர்களும் கட்டுமான முன்னிலையாளர்களும் ஏய்களும் தோளோடு தோள் நின்று, “போ, ரயீஸ், போ!” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அவரும் போகத்தான் பார்த்தார். விமானத்துக்கு எரிபொருள் ஊற்றுகிறவன் சதுக்கத்தில் இருந்தான்.

ஆனால் அவர் விழுவதற்கு முந்தின நாள் மூடிய லாரிகள் சதுக்கத்துக்கு வந்து துறைமுகத்துப் பையன்களை அள்ளிக்கொண்டு போயின. இத்ரீஸும் போனான், அம்மா பின்னிக் கொடுத்த நீலக் கம்பளித் தொப்பியோடு. ஊரே கொண்டாடிய அன்று உம்மு இத்ரீஸ் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் வரவில்லை.

பிறகு அவள் ஏறாத படி இல்லை. பழைய ஆட்சியில் அலுவலக ஜன்னலுக்குப் பின்னாலிருந்து “இங்க இல்ல, கிழவி” என்று சொன்ன அதே குமாஸ்தா, இப்போது சட்டையில் புரட்சி நாடா குத்திக்கொண்டு, “இங்க இல்ல, தியாகியின் தாயே” என்றார். எவ்வளவு பெரிய மாற்றம்! உம்மு இத்ரீஸுக்கு அந்தச் சொல் தேளாகக் கொட்டியது.

“தியாகின்னு யார் சொன்னா? செத்துட்டானா? செத்தான்னா எங்க? எங்கன்னு சொல்லிட்டு அப்புறம் நாடா குத்திக்க.”

குமாஸ்தா நாடாவைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் புரட்சித் தலைவர்களுக்கும் சொல்லின் மேல் அக்கறை உண்டு. அவர்களும் ஒரு சட்டம் போட்டார்கள்: விழுந்தவரை இனி யாரும் ரயீஸ் என்று சொல்லக்கூடாது, பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். நல்லதுதான். பெயர் என்ன? ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரைத் தூக்கி வளர்த்த அத்தை ஒருத்தியைத் தேடிப்பிடித்துக் கேட்டதில், ஜவ்தத் என்று தெரிந்தது. “ஜவ்தத்தா? நம்ம தையக்காரன் பேரு மாதிரில்ல இருக்கு?” என்று ஸன்னூபா ஏமாந்துபோனாள். இப்படி ஒரு பெயருக்கா இவ்வளவு பயந்தோம் என்று எங்களுக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஜவ்தத் அவர்கள் விசாரணைக்குச் சக்கரப் படுக்கையில் வந்தார். கண்ணை மூடியிருந்தார். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலைமுடிக்கு மட்டும் அன்று காலைதான் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். நினைவு தப்பிய நிலையிலும் மனிதருக்கு ஒழுங்கு முக்கியம். அவரைப் படுக்கையோடு இரும்புக் கூண்டுக்குள் தள்ளி விட்டார்கள். பக்கத்தில் ஸப்ரீ, வெள்ளைக் கைதி உடையில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜவ்தத்தின் வக்கீல் தல்அத் எழுந்தால் அத்தர் முதலில் வரும், பேச்சு பிறகு வரும். அத்தர் வந்து சேர்ந்ததும் சொன்னார்: “என் கட்சிக்காரர் கேட்கும் நிலையில் இல்லை, பேசும் நிலையில் இல்லை, தன்னை அறியும் நிலையிலும் இல்லை. அறியாத மனிதரிடம் எதைக் கேட்பீர்கள்?” மருத்துவர்கள் வந்தார்கள். ஊசியால் குத்திப் பார்த்தோம், அசையவில்லை, காதருகே உரக்க “ஜவ்தத்! ஜவ்தத்!” என்று கூப்பிட்டுப் பார்த்தோம், இமைகூட ஆடவில்லை என்றார்கள். பொய் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி அவர் அம்மா கூப்பிட்டதோடு சரி. பிறகு யார் கூப்பிட்டார்கள், அவர் திரும்புவதற்கு?

நடு நாற்காலியில் இருந்த நீதிபதி ஸுஹைர், ஒரு காலத்தில் பெரிய ரயீஸின் தோளில் முத்தமிட்டுப் பதவி ஏற்றவர். இப்போது அதே உதடுகளைத் துடைத்துக்கொண்டு நியாயம் பேசினார். தன்னை அறியாதவரை விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை, இன்றோடு வழக்கை மூடலாம் என்று நினைக்கிறேன் என்றார். ஸப்ரீயும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார். பெரியவர் மேல் வழக்கு இல்லையென்றால், அவர் சொல்லிச் செய்தவர் மேல் மட்டும் எப்படி நிற்கும்? துறைமுகத்துப் பையன்கள் எங்கே என்ற கேள்வியும் கோப்போடு சேர்ந்து மூடிக்கொள்ளும்.

வெளியே படிக்கட்டில் ஸன்னூபா உம்மு இத்ரீஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உள்ள போய் அழுது தொலைக்காதே. அழுதா ‘தாயின் கண்ணீர்’னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாப்பானுங்க.”

“அழறதுக்கு என்ன இருக்கு? அவன் இருந்தா எனக்கென்ன, செத்தா எனக்கென்ன. வாயைத் திறக்கணும். எம்புள்ளைய எங்க போட்டான்னு சொல்லணும். அப்புறம் எத்தனை வருஷம் வேணாலும் மூடிக்கிட்டுக் கிடக்கட்டும்.”

“நினைவில்லாம கிடக்கானாமே.”

“எனக்கு அவன் மாதிரி ஒரு மாமியார் இருந்தா. பாத்திரம் தேய்க்கிற வேளைக்கு மட்டும் நினைவு போகும்.”

மூடுவதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் ஒருவர் பேசலாம் என்று அனுமதித்தார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே. நாங்கள் உம்மு இத்ரீஸைத் தள்ளிவிட்டோம். கறுப்பு முக்காடும், மார்பில் ஊக்கு குத்திக் காய்ந்துபோன அந்தப் பழைய ரொட்டியுமாகப் போய் நின்றாள். அவளுக்கு நேரே மேசையில் நீதிபதி. பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், கூண்டு. வக்கீல் தல்அத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நீதிமன்றத்தில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தரவும் வேண்டாம். சட்டம் போனதும் சொல் எங்களிடம் திரும்பி வந்துவிட்டது. நடு நாற்காலியில் இருப்பவர் மறுபடி ரயீஸ்தான். அவள் நீதிபதியைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள்.

“யா ரயீஸ்…”

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை லேசாக மேலே வந்தது.

“சொல்லும்மா” என்றது படுக்கை. “சுருக்கமா.”

விதை கொறித்துக்கொண்டிருந்த எங்கள் வாய்கள் அப்படியே நின்றன. நீதிபதி ஸுஹைருக்கு என்ன ஆயிற்றோ, பழைய ஞாபகத்தில் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எழுந்ததை மறைக்க மேசையில் இல்லாத எதையோ தேடினார்.

அவர் தேடி முடிக்கும்வரை உம்மு இத்ரீஸ் காத்திருக்கவில்லை. அவள் திரும்பினாள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மனு நாள் கிழவிகள் எல்லோருடைய குரலையும் வாங்கிவந்தவள் மாதிரிப் பணிவாகக் கேட்டாள்:

“யா ரயீஸ், துறைமுகத்து இத்ரீஸோட அம்மா நான். சதுக்கத்துலேருந்து எம்புள்ளையைக் கொண்டு போனாங்க. எங்க இருக்கான்?”

கண் மூடியபடியே கை பின்னால் அசைந்தது.

“ஸப்ரீ, இந்தம்மாவைக் கவனி.”

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. கூரை இடிந்த மாதிரி ஒரு சிரிப்பு. “அடிச்சு எழுப்பாதீங்கடா, பட்டத்தைச் சொல்லி எழுப்புங்க!” என்று யாரோ கத்தினார்கள். தல்அத், “அனிச்சைச் செயல்! இது வெறும் தசைத் துடிப்பு!” என்று துள்ளினார். “தசை ரொம்ப மரியாதையாப் பேசுதுய்யா!” என்றாள் ஸன்னூபா.

ஆனால் ஸப்ரீ சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் திரும்பினார். வக்கீல் போட்ட கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் சரிந்துவிட்டது அவருக்குப் புரிந்திருக்கும். பெரியவர் தப்பவில்லை, போதாததற்கு, பழியைப் பழையபடி இவர் பக்கம் கைகாட்டித் தள்ளிவிட்டார்.

“நானா?” என்றார். “இப்பவும் நானேவா? கூண்டுக்குள்ள கூட நான்தான் கவனிக்கணுமா?”

“ஸப்ரீ” என்றது படுக்கை, கொஞ்சம் கண்டிப்பாக.

“அன்னிக்கும் இதையேதானே சொன்னே! ‘துறைமுகத்துப் பசங்களைக் கவனி’ன்னே. போன்ல, சாப்பிட்டுக்கிட்டே சொன்னே, மெல்லுற சத்தம்கூட எனக்குக் கேட்டுது. கவனிச்சேன்! பழைய உப்பளத்துல, உடைஞ்சு போன காற்றாலைக்குப் பின்னால கவனிச்சு வெச்சிருக்கேன், அத்தனை பேரையும். நீ சொன்னே, நான் செஞ்சேன். தூக்குக்கு மட்டும் நான் தனியாப் போகணுமா?”

“வாயை மூடு, முட்டாள்!” என்று ரயீஸ் எழுந்து உட்கார்ந்தார்.

போர்வை விழுந்தது. உள்ளே வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து தயாராக இருந்தார். மருத்துவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவ உலகமே வியக்கும் குணம் அது.

சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. எங்களில் பல பேருடைய பையன்கள் அந்தக் காற்றாலைக்குப் பின்னால் இருந்தார்கள். உம்மு இத்ரீஸ் கம்பியை விட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

“சுருக்கமாக் கேட்டேன், சுருக்கமாச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான், ரயீஸ்.”

இந்த முறை நீதிபதி மட்டும் தலையசைத்தார். கூண்டிலிருந்தவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

உப்பளத்துக்கு நாங்கள் நடந்தே போனோம். உப்பு இருக்கிறதே கண்ணுகளா, ஆட்சியை விட நேர்மையானது. தன்னிடம் கொடுத்ததைக் கெடுக்காமல் வைத்திருக்கும். இத்ரீஸை அவன் அம்மா முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்தாள். நீலத் தொப்பி நீலமாகவே இருந்தது. அவள் அதைக் கழற்றி, உப்பைத் தட்டி, மறுபடி அவன் தலையில் போட்டு, காதுவரை இழுத்துவிட்டாள். கடற்காற்று குளிர்ந்தது.

அப்புறம் நியாயம் தன் வழியில் போயிற்று. ஜவ்தத் அவர்களுக்கு ஆயுள் தண்டனை. கடல் தெரிகிற ஆஸ்பத்திரி அறையில் அதை அனுபவித்தார். பால்கொழுக்கட்டை வேண்டுமென்றால் மணியடிப்பார் என்று கேள்வி. ஸப்ரீயை உள்ளே போட்டார்கள். நீதிபதி ஸுஹைருக்குத் துணிச்சலுக்கான பதக்கம் கிடைத்தது. அது ரொட்டிப் பதக்கம் இல்லை, நிஜமானது. புதிதாக வந்த தலைவர் தன்னை ரயீஸ் என்று யாரும் அழைக்க வேண்டாம், ‘சகோதரர்’ என்றால் போதும் என்று தாழ்மையோடு அறிவித்தார். அதே அறிவிப்பாளர்தான் வாசித்தார், அதே கண் கலக்கத்தோடு. எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் அன்றிரவே ஒருவரை ஒருவர் கொஞ்சம் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள்.

இடுகாட்டு அலுவலகத்தில் கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். “‘தியாகி இத்ரீஸ்’னு போடலாமே, கல் இலவசம்” என்றார்கள்.

“கல்லுக்கு நான் குடுக்கறேன். ‘ரயீஸ் இத்ரீஸ்’னு போடு” என்றாள். “இனிமே ஜன்னலைச் சாத்திக்கிட்டு எதையும் சொல்ல முடியாது எனக்கு.”

எங்கள் இடுகாடு கரையை ஒட்டித்தான். வியாழக்கிழமை தோறும் அவள் போய் உட்கார்ந்து, கல்லைத் துடைத்துவிட்டு, வாய்விட்டு உரக்க “யா ரயீஸ்!” என்று கூப்பிடுவாள். மகன் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் கூப்பிடுவாள். அப்போது கரையில் வலை அலசிக்கொண்டிருக்கிற அத்தனை படகுத் தலைவர்களும் ஒரே நேரத்தில் தலை தூக்கிப் பார்ப்பார்கள்.

“என்னம்மா? எங்களையா?”

“இல்லப்பா, எம்புள்ளைய.”

“பரவால்ல, எங்ககிட்டயும் சொல்லுங்க. நிதானமாவே சொல்லுங்கம்மா, வலை காய நேரமிருக்கு.”

அவளும் நிதானமாகச் சொல்வாள். மீசையில் தொடங்குவாள்.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு ரொட்டி சுருங்காமல் இருக்கட்டும். கதவைத் தட்டுகிறவர் உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியாகவே இருக்கட்டும். நீங்கள் உங்கள் பிள்ளையை எந்தச் சொல்லால் கூப்பிட்டாலும், ஜன்னல் திறந்தே இருக்க, உள்ளே இருந்து அவன் சலித்துக்கொண்டாவது “என்னம்மா?” என்று கேட்கட்டும்.